புளூகிராஸ் சேகரிக்கிறவர்களுக்கு: எந்தப் பாட்டு என்பதை விட எந்த நாள்

பேஞ்சோ, ஃபிடில், மாண்டலின் முன்னிற்கும் அமெரிக்க நாட்டுப்புற இசை வகை புளூகிராஸ். அதன் புகழ்பெற்ற பேஞ்சோ பாட்டு ஒன்றை, 'ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்' என்று ஸ்ட்ரீமிங் செயலியில் தட்டிப் பாருங்கள். கிதார் வாசித்த லெஸ்டர் ஃபிளாட், பேஞ்சோ வாசித்த எர்ல் ஸ்க்ரக்ஸ் ஜோடியின் பெயரிலேயே பல பதிவுகள் வரிசைகட்டி நிற்கும். பக்கத்தில் போட்டிருக்கும் ஆண்டு பெரும்பாலும் அந்தத் தொகுப்பு வெளியான ஆண்டு. யார் வாசித்தார், எங்கே பதிவானது என்பதெல்லாம் இருக்காது. புதிதாகச் சேகரிக்க இறங்குகிறவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான்.

இதன் மூலப்பதிவு 1949 டிசம்பர் 11 அன்று சின்சினாட்டியின் ஹெர்ஸாக் ஸ்டூடியோவில், மெர்க்குரி கம்பெனிக்காக எடுத்தது. பிறகு கொலம்பியாவுக்கு மாறிய இருவரும் 1960களில் அதையே மறுபடி வாசித்தார்கள். 1967இல் 'பானி அண்ட் கிளைட்' படத்தில் ஒலித்தது பழைய மெர்க்குரி பதிவு. படம் ஓடியதும் 1968இல் இரண்டு கம்பெனிகளும் அவரவர் பதிவைக் கடைக்கு அனுப்பின. குழப்பம் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

காதை வைத்தே பிரிக்கலாம். பேஞ்சோ ஜி-யிலிருந்து ஈ மைனருக்கு இறங்கும் இடத்தில் கிதாரை மட்டும் கவனியுங்கள். 1949 பதிவில் எர்ல் ஸ்க்ரக்ஸின் விரல்கள் ஈ மைனரில் ஓடும்போது லெஸ்டர் ஃபிளாட் கிதாரில் ஈ மேஜர் அடிக்கிறார். ஒரு நொடி காதில் உரசும். இலக்கணப்படி பிழைதான், ஆனால் பாட்டின் காரமே அங்கேதான் என்பது என் கட்சி. இன்னொரு அடையாளம் டோப்ரோ, கிடைமட்டமாக வைத்து உலோகத் துண்டை நகர்த்தி வாசிக்கும் கிதார். அதை வாசித்த ஜாஷ் கிரேவ்ஸ் குழுவில் சேர்ந்தது 1955இல். டோப்ரோ காதில் விழுந்தால் அது மூலமில்லை.

புளூகிராஸைத் தொடங்கிவைத்த பில் மன்றோவுக்கு வந்தால் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். 1945இல் கொலம்பியாவுக்கு எடுத்த பாட்டுகளில் அக்கார்டியன் கேட்கும். சாலி ஆன் ஃபாரஸ்டர் வாசித்தது. நல்ல பாட்டுகள்தான், ஆனால் பின்னால் புளூகிராஸ் என்று பெயர் வாங்கிய அந்த ஓசை இன்னும் பிறக்கவில்லை. ஸ்க்ரக்ஸ் மன்றோவின் குழுவுக்கு வந்தது அந்த ஆண்டு டிசம்பரில். அதற்கப்புறம் 1946 செப்டம்பர், 1947 அக்டோபர் என இரண்டு முறை சிகாகோ போய் மொத்தம் 28 பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். மன்றோ மாண்டலின், ஃபிளாட் கிதார், ஸ்க்ரக்ஸ் பேஞ்சோ, சப்பி வைஸ் ஃபிடில், ஹோவர்ட் வாட்ஸ் பேஸ். இந்த 28ஐயும் பதிவான வரிசையில் கேட்டு முடிக்காமல் வேறு எதற்கும் காசு செலவழிக்காதீர்கள்.

இதிலும் ஒரு பொறி உண்டு. 1992இல் கொலம்பியா போட்ட இரட்டை சிடியில் பல பாட்டுகளுக்கு, அன்று இசைத்தட்டில் வெளியான டேக் (ஒரே பாட்டைப் பலமுறை வாசித்துப் பதிந்ததில் ஒன்று) இல்லாமல் வேறு டேக் இருக்கிறது. கேட்கச் சுகம்தான், ஆனால் இதுதான் 1947இல் மக்கள் கேட்டது என்று நம்பினால் ஏமாற்றம். ஜெர்மனியின் பேர் ஃபேமிலி போட்ட 1936-1949 பெட்டி ஆறு சிடி. விலை கூடத்தான். ஆனால் பதிவு நாள், வாசித்தவர்கள், ஒவ்வொரு பதிவுக்கும் கம்பெனி இட்ட மேட்ரிக்ஸ் எண் எல்லாம் கூட வரும் புத்தகத்தில் இருப்பதால் பழைய பெட்டி கிடைத்தாலும் விடாதீர்கள். 'புளூ மூன் ஆஃப் கென்டக்கி'யையும் இதே போல இரண்டாகப் பிரித்து வையுங்கள். 1946 பதிவு முழுக்க மூன்று தட்டு கொண்ட வால்ட்ஸ் நடை. எல்விஸ் பாடிப் பிரபலமாக்கிய பிறகு 1954இல் டெக்காவுக்கு மன்றோ மறுபடி பாடியது வால்ட்ஸில் தொடங்கி நடுவில் வேக நடைக்குத் தாவும்.

மலிவு சிடித் தொகுப்புகளில் பெரிய சிக்கல் அளவுக்கு மீறிய இரைச்சல் நீக்கம். கரகரப்பு போகட்டும் என்று மேல் அதிர்வெண்களை வழித்துவிடுவார்கள். கூடவே பேஞ்சோக் கம்பியில், விரலில் மாட்டும் நகவளையம் படும் அந்த 'டிக்'கும் போய்விடும், ஃபிடில் கம்பளிக்குள்ளிருந்து கேட்பது போல ஆகும். கரகரப்போடு இருக்கும் பதிவே மேல்.

எல்.பி. வாங்குகிறவர்கள் அட்டையில் 'எலெக்ட்ரானிக்கலி ரீசேனல்டு' என்று இருந்தால் கீழே வையுங்கள். மோனோவைப் பிளந்து ஒரு பக்கம் கீச்சு, மறுபக்கம் பேஸ் என்று செய்த போலி ஸ்டீரியோ அது. வேறு பிரதியே கிடைக்காவிட்டால் ஆம்பிளிஃபயரின் மோனோ பொத்தானை அழுத்திப் பார்க்கலாம், ஓரளவுதான் தேறும். 1961இன் 'ஃபாகி மவுண்டன் பேஞ்சோ' மாதிரி உண்மையிலேயே ஸ்டீரியோவில் எடுத்தவை வேறு கதை.

நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய 78 ஆர்.பி.எம். தட்டு ஆசை வந்தவர்களுக்கு மூன்று விஷயம். எல்.பி. ஊசியின் முனை சுமார் 18 மைக்ரான், 78க்கு வேண்டியது சுமார் 75. சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் விழுந்து அழுக்கைத்தான் வாசிக்கும். இந்தத் தட்டுகள் செய்யப்பட்ட அரக்கான ஷெல்லாக்கில் ஆல்கஹால் கலந்த துப்புரவு நீர் படவே கூடாது, கரைந்துவிடும். தண்ணீரும் ஒரு சொட்டு சோப்பும் போதும், நடு லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டில் பேஸை எவ்வளவு குறைத்து, கீச்சை எவ்வளவு கூட்டிப் பதிவது என்பதற்கான ஆர்.ஐ.ஏ.ஏ. அளவு பொதுவானது 1954இலிருந்துதான். அதற்கு முந்தைய தட்டை இன்றைய ஃபோனோ ப்ரீஆம்பில் அப்படியே போட்டால் ஓசை மாறித்தான் வரும். டோன் கண்ட்ரோலைத் திருப்ப வெட்கப்படாதீர்கள்.

ரசிகர்கள் பூங்காக்களிலும் விழாக்களிலும் எடுத்த டேப்கள் தனி உலகம். அங்கே குறை, வேகம். டேப் ஆறு சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி அரைப்படி ஏறிவிடும். குழு ஏ-யிலும் இல்லாமல் பி பிளாட்டிலும் இல்லாமல் நடுவில் தொங்கினால் முதலில் டேப்பைச் சந்தேகியுங்கள். கச்சேரிக்குக் கச்சேரி சுருதி கொஞ்சம் நகரும்தான், ஆனால் குரலும் மெலிந்து கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

காசில்லாமல் தொடங்க ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் நல்ல இடம். மைக் சீகர் தொகுத்த 1957இன் ஸ்க்ரக்ஸ் பாணி பேஞ்சோ எல்.பி.யின் குறிப்பேடு அவர்கள் தளத்தில் இலவசம். 78களின் மேட்ரிக்ஸ் எண்ணைத் தேட கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், சாண்டா பார்பராவின் இசைத்தட்டுத் தரவுத்தளம் இருக்கிறது.

கணினியில் சேமிக்கும்போது ஆண்டு என்ற கட்டத்தில் பதிவான ஆண்டைப் போடுங்கள், வெளியான ஆண்டைக் குறிப்பில் தள்ளுங்கள். 'மாலி அண்ட் டென்புரூக்ஸ்' பாட்டை மன்றோ 1947 அக்டோபரில் பதிவு செய்தார், கொலம்பியா அதை வெளியிட்டது 1949இல். அதற்குள் ஸ்டான்லி சகோதரர்கள் என்ற இன்னொரு குழு அவரிடமிருந்து கேட்டுப் பிடித்து, ரிச்-ஆர்-டோன் என்ற குட்டிக் கம்பெனியில் 1948இலேயே தட்டு போட்டுவிட்டார்கள். வெளியீட்டு ஆண்டை வைத்து அடுக்கினால், நகல் முன்னாலும் அசல் பின்னாலும் நிற்கும்.