கேட்டவுடன் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடும் ரவுட்டர்கள்

இரு முனைகளை நேரடியாக இணைக்கும் பிபிபி இணைப்புகளில், கடவுச்சொல்லை அப்படியே அனுப்பி அடையாளத்தை நிரூபிக்கும் பேப் முறையை இன்னமும் அனுமதித்து வைத்திருப்பது பெரும் தவறு என்பது என் உறுதியான கருத்து. "சேப் இருக்கிறதே, பேப்பும் ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டுமே" என்று நெட்வொர்க் பொறுப்பில் இருப்பவர்களே சொல்கிறார்கள். சேப் என்பது கடவுச்சொல்லை அனுப்பாமலேயே அடையாளத்தைச் சரிபார்க்கும் மாற்று முறை. ஓட்டை இருப்பது அந்த ஓரத்தில்தான்.

ஈதர்நெட் வழியாகச் செல்லும் பிபிபியான பிபிபிஓஇ இணைப்பு தொடங்கும் விதத்தைப் பாருங்கள். நம் ரவுட்டர் முதலில் சர்வரைத் தேடி எல்லோருக்குமான ஒரு பிராட்காஸ்ட் அனுப்புகிறது; பிரித்துக் காக்கப்படாத நெட்வொர்க்கில், அது சென்றடையும் எந்தக் கணினியும் தன்னையே சர்வர் என்று சொல்லிக்கொண்டு பதில் அனுப்பலாம். அடுத்து, இணைப்பின் விதிகளை இரு முனைகளும் முடிவு செய்யும் எல்சிபி பேச்சுவார்த்தையில் அந்தப் போலி சர்வர் பேப் வேண்டும் என்று கேட்டால், பேப்பை அனுமதித்திருக்கும் ரவுட்டர் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டு, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் எந்த மறையாக்கமும் இல்லாமல் ஒரே பாக்கெட்டில் அனுப்பிவிடும். உண்மையான சர்வர் சேப் மட்டுமே கேட்கும்படி அமைக்கப்பட்டிருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. மறுக்க வேண்டியது நம் பக்கத்து ரவுட்டர். பேப்பை வரையறுத்த இணைய விதிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 1334, அது வலுவான முறை அல்ல என்று 1992லேயே வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறது.

சேப்பில் கடவுச்சொல் கம்பியில் பயணிப்பதே இல்லை. சர்வர் ஒவ்வொரு முறையும் புதிய சவால் எண்ணை அனுப்புகிறது. அதனுடன் ரகசியச் சொல்லையும் அடையாள எண்ணையும் சேர்த்து எம்டி5 என்ற ஒருவழிக் கணக்கீட்டின் மூலம் கணக்கிட்ட 16 பைட் விடை மட்டுமே திரும்பிச் செல்கிறது. ஆகவே பழைய விடையைப் பிடித்துவைத்து மீண்டும் அனுப்பி ஏமாற்ற முடியாது. ஆனால் ரகசியச் சொல் எளிதானதாக இருந்தால், சவாலையும் விடையையும் ஒட்டுக்கேட்டவர் தன் கணினியில் நிதானமாக ஊகித்துப் பார்த்தே அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

பேப்பை ஆதரிப்பவர்களிடம் நியாயமான வாதம் ஒன்று உண்டு: சேப்புக்காகச் சர்வர் ரகசியச் சொல்லை மூல வடிவிலேயே பெறும்படி வைத்திருக்க வேண்டும், பேப்புக்கோ ஹேஷ், அதாவது அச்சொல்லிலிருந்து ஒருவழியாகக் கணக்கிட்ட மதிப்பு, போதும். உண்மைதான். எனினும் ஒரு சர்வரைப் பூட்டிக் காப்பது நம் கையில் இருக்கிறது. வழியெங்கும் உள்ள கம்பிகளைக் காப்பது யார் கையிலும் இல்லை.

சேப்பின் மைக்ரோசாஃப்ட் வடிவமான எம்எஸ்-சேப் பதிப்பு 2 இரு தரப்பும் ஒருவரையொருவர் சரிபார்க்க வழி செய்தது. ஆனால் அதை உடைப்பது டிஇஎஸ் என்ற பழைய மறையாக்க முறையின் ஒரே ஒரு 56 பிட் சாவியைத் தேடும் வேலைதான் என்று 2012இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்டனும் காட்டிய பிறகு, கடவுச்சொல் எவ்வளவு நீளமானாலும் அதை நம்புவதற்கில்லை.

கிளை அலுவலகங்களை இணைப்பவர்கள், கடவுச்சொல்லுக்குப் பதில் டிஜிட்டல் சான்றிதழ்களால் அடையாளத்தை நிரூபிக்கும் ஈஏபி-டிஎல்எஸ் முறைக்கு மாறட்டும். சான்றிதழ்களை வழங்கிப் புதுப்பிக்கும் உழைப்பு அதிகம் என்றாலும், அதில் சர்வரும் தன்னை நிரூபித்தாக வேண்டும். இவை எதுவும் இணைப்பில் பின்னர் செல்லும் தரவைத் தாமாக மறைத்துவிடுவதில்லை என்பதால் தரவை மறையாக்கம் செய்யும் ஐபிசெக் போன்ற ஏற்பாடு தனியாகத் தேவை. மற்றவர்கள் நீளமான, தற்போக்காக உருவாக்கிய ரகசியச் சொல்லுடன் சேப்பைப் பயன்படுத்தட்டும். லினக்ஸில் பிபிபி இணைப்புகளைக் கையாளும் நிரலான பிபிபிடியின் அமைப்பில் "ரெஃப்யூஸ்-பேப்" என்ற ஒரே வரியைச் சேர்த்தால் பேப் நின்றுவிடும். ரவுட்டர் தயாரிப்பவர்கள் அந்த மறுப்பைத் தொழிற்சாலை அமைப்பிலேயே வைத்து அனுப்ப வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.