மளிகைக்கடை வாசலில் 20 நிமிடம்

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாம்பாருக்குத் துவரம்பருப்பு இல்லை. ஏழாம் வகுப்பு படிக்கும் மகளிடம் 100 ரூபாயைக் கொடுத்து, முதல்முறையாகத் தெருமுனைக் கடைக்குத் தனியாக அனுப்பினேன். ஐந்து நிமிட வேலை. 20 நிமிடம் ஆகியும் ஆளைக் காணோம். நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஓடினேன். கடை வாசலில் அதே நோட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

“அண்ணாச்சி என்னைப் பார்க்கவே இல்லைம்மா.”

பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கியவள். “அண்ணாச்சி, அரைக் கிலோ துவரம்பருப்பு” என்று குரல் கொடுக்க வரவில்லை. எப்படி வரும்? ஓட்டலில் அவளுக்குத் தோசையா பூரியா என்று சர்வரிடம் சொல்வது நான். “எங்கே வலிக்குது பாப்பா?” என்று டாக்டர் கேட்டால் பதில் சொல்வதும் நான்.

“உன் வீட்டுக்காரன் நாலாவது படிக்கும்போதே மண்ணெண்ணெய் கேனோட ரேஷன் கடை வரிசையில நின்னவன்” என்றார் மாமியார். வழக்கமாக இதற்கு என்னிடம் பதில் இருக்கும். அன்றைக்கு இல்லை.

காலம் கெட்டுக்கிடக்கிறது என்கிறோம். வண்டிகளைப் பொறுத்தவரை உண்மைதான். எங்கள் தெருவில் நடைபாதையே கிடையாது. இங்கிலாந்திலும் இதே கதைதான். 1971-ல் அங்கே 7, 8 வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990-ல் அது 9 சதவீதம். பெற்றோர் சொன்ன முக்கியக் காரணம், போக்குவரத்து. ஆக, வண்டிக்கு வழிவிட்டுப் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டார்கள். நாமும் அதையேதான் செய்கிறோம், அப்புறம் அந்த வண்டியிலேயே பள்ளி வாசலில் கொண்டுபோய் இறக்கி நெரிசலைக் கூட்டுகிறோம்.

இன்னொரு பயம், பெண் பிள்ளையைப் பெற்றவர்கள் வாய்விட்டுச் சொல்லாத பயம். அதைச் சிறியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் போக்சோ வழக்குகள் பற்றிய தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பாருங்கள்: பாலியல் வன்கொடுமைக்கு ஆளான குழந்தைகளில் 100-க்கு 90 பேருக்கும் மேல், செய்தவனை ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. உறவுக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், குடும்ப நண்பன். தெருக்கதவைப் பூட்டுவதால் இவர்கள் வெளியே நிற்கப் போவதில்லை. அந்த நேரத்தில் பிள்ளைக்கு வேண்டியது சத்தமாக “வேண்டாம்” என்று சொல்லும் வாய். அண்ணாச்சியிடம் பருப்பு கேட்கவே திறக்காத வாய் அங்கே மட்டும் எப்படித் திறக்கும் என்று நினைத்தபோது எனக்குக் கை நடுங்கியது.

அதனால் ஆரம்பித்தோம். முதல் வாரம் கொத்தமல்லி, அடுத்த வாரம் இட்லி மாவு. எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. ஒருநாள் நிறுத்தியிருந்த ஆட்டோவுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து தொடர்ந்தேன். “யாரைத் தேடுறீங்கக்கா?” என்று ஆட்டோக்காரர் கேட்க, மானம் போனது. ஒருமுறை மீதிச் சில்லறை 10 ரூபாய் குறைந்தது. நான் கிளம்பவில்லை, அவளையே திரும்பப் போகச் சொன்னேன். வாங்கி வந்தாள். மகன்களைப் பெற்ற தோழிகள் இதெல்லாம் ஒரு விஷயமா என்று சிரிக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பையன்களுக்கோ தட்டைக் கழுவத் தெரியாது. சரி, அது வேறு பதிவு.

போன சனிக்கிழமை நூலகத்துக்கு டவுன் பஸ்ஸில் தனியாகப் போனாள். மூன்றே நிறுத்தம். திரும்பும்போது முக்கால் மணி நேரம் தாமதம். நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து ஓய்ந்திருந்தேன்.

“ஃப்ரீ பஸ்னு நினைச்சு வேற பஸ்ல ஏறிட்டேன்மா. கண்டக்டர் டிக்கெட் கேட்டார். தெரியாம ஏறிட்டேன், அடுத்த ஸ்டாப்புல இறக்கி விடுங்கன்னு சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்துச்சு.”