அந்தப் பழுப்புக் கோடு குறை இல்லை

நேற்றிலிருந்து அந்த வீடியோவைப் பத்துப் பேராவது எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன், போதும். டெய்லர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் புதுக் கிட்டாரில் ஃப்ரெட்போர்டை, அதாவது கம்பிகளுக்கு அடியில் விரல் அழுத்தும் கழுத்துப் பலகையை, கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்து, அதில் ஓடும் பழுப்புக் கோட்டை நகத்தால் சுரண்டி, "இவ்ளோ காசு வாங்கிட்டு செகண்ட் குவாலிட்டி கட்டையத் தள்ளிவிட்டிருக்காங்க" என்கிறார் அந்தத் தம்பி. கீழே வரிசையாகச் சிரிப்பு.

தம்பி, அது குறை இல்லை. அது கருங்காலி. கருங்காலி அப்படியும் இருக்கும்.

2011-இல் டெய்லர் நிறுவனம், ஸ்பெயின் நாட்டு மர வியாபார நிறுவனமான மாடிண்டரோடு சேர்ந்து, ஆப்பிரிக்காவில் கேமரூனின் யாவுண்டேயில் கிரெலிகாம் என்ற மர ஆலையை வாங்கியது. அதற்குப் பிறகுதான் காட்டில் நடப்பது டெய்லர் நிறுவனர்களில் ஒருவரான பாப் டெய்லருக்கே தெரியவந்தது. வெட்டிச் சாய்த்தால்தான் மரத்துக்குள் முழுக் கறுப்பா, கோடு ஓடியதா என்று தெரியும். கோடு இருந்தால் அப்போது வாங்க ஆளில்லை. முழுக் கறுப்பாக ஒரு மரம் கிடைக்கப் பத்து மரம் வரை சாய்க்கிறார்கள் என்று அவரே சொன்னார். மற்றதெல்லாம் விழுந்த இடத்திலேயே மக்கிப்போகும். பத்து மரம்! நாம் "பளிச்சுனு கறுப்பா வேணும்" என்று கேட்டதற்காக. கோடு போட்ட கட்டைக்கும் அதே விலை கொடுப்பது என்று அவர்கள் முடிவெடுத்தது அதன் பிறகுதான். உயர்ந்த விலைக் கிட்டார்களிலும் அதையே பொருத்துகிறார்கள். உங்கள் கையில் வந்திருப்பது அந்தக் கட்டை.

"வெளுப்பா இருந்தா அது வெளிறுதானே" என்று ஒருவர் கமெண்டில் பாடம் எடுத்திருக்கிறார். வெளிறு மரத்தின் வெளிப்பக்கம் இருப்பது, பூச்சி அரிக்கும், உளுத்துப்போகும். இது மரத்தின் நடுவில் இருக்கும் கெட்டியான வைரத்துக்குள்ளேயே ஓடும் நிறம். தச்சர் வீட்டில் பிறந்தவன் நான், இந்த வித்தியாசத்தை இழைப்புச் சுருளைப் பொறுக்கி விளையாடிய வயதிலேயே தெரிந்துகொண்டேன்.

அப்பா ஒரு வீட்டுக்குத் தேக்கில் தலைவாசல் கதவு செய்தார். ஒன்றரை மாத வேலை. தேக்கில் கருவரி ஓடுவது சகஜம். அவர் அந்த வரியை இரண்டு பலகையிலும் ஒன்றுக்கொன்று எதிராக வருகிற மாதிரி பொருத்தியிருந்தார். வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "என்ன ஆசாரி, கறை இருக்கே" என்றார். கடைசியில் அந்தக் கதவுக்குச் சாக்லேட் நிற எனாமல் அடிக்கச் சொன்னார். அப்பா தன் கையாலேயே அடித்தார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

என் முதல் கிட்டார் கல்லூரி முதல் வருஷம் வாங்கியது. ஃப்ரெட்போர்டு மை மாதிரி கறுப்பு. "ஒரிஜினல் கருங்காலி தம்பி" என்றார் கடைக்காரர். அரை மணி நேரம் வாசித்தால் வியர்வையில் விரல் நுனியெல்லாம் கறுப்பாகும். இரண்டே மாதத்தில் மூன்றாவது ஃப்ரெட்டுக்கு, அதாவது குறுக்கே பதித்த உலோகப் பட்டைக்கு, கீழே வெளுத்த கட்டை எட்டிப் பார்த்தது. சாயம். இப்போது ஊரெல்லாம் கருங்காலி மாலை விற்கிறதே, அதிலும் கறுப்பாக இருந்தால்தான் வாங்குகிறோம், சாயம் ஏற்றுகிறவன் ஏற்றத்தான் செய்வான்.

"இதெல்லாம் மார்க்கெட்டிங்" என்பீர்கள். கம்பெனிக்கு லாபம் இல்லாமல் இருக்குமா? இருக்கட்டும். ஆனால் இதே பாப் டெய்லர் 1995-லேயே, சரக்கு அடுக்கும் மரத் தட்டிலிருந்து (பேலட்) பிய்த்தெடுத்த ஓக் பலகையில் ஒரு கிட்டார் செய்து காட்டினார். ஆணி ஓட்டைகளை மறைக்கவில்லை, அலுமினியம் வைத்து அடைத்தார். அப்படிப்பட்டவர் கோட்டை ஒளிக்காததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

"அப்போ விலையக் குறைக்கலாமே?" ஏன் குறைக்க வேண்டும்? கட்டை அதே கடினம், அறுத்து இழைக்கும் உழைப்பும் அதே. கோடு இருந்தால் மட்டம் என்று விலை வைத்தால், வெட்டுகிறவர் மறுபடியும் அதைக் காட்டிலேயே விட்டுவிட்டு அடுத்த மரத்தைத்தான் தேடிப் போவார்.

குறை சொல்ல ஆசைப்பட்டால் வேறு விஷயம் இருக்கிறது. 1840-களில் மார்ட்டின் என்ற அமெரிக்கக் கிட்டார் பட்டறையில் வந்த, மேல்பலகையை உள்ளிருந்து தாங்கும் எக்ஸ் வடிவச் சட்டத்தைத்தான் இரும்புக் கம்பிக் கிட்டார் உலகம் இன்றுவரை பெரும்பாலும் பின்பற்றுகிறது. டெய்லரில் கிட்டார் வடிவமைப்பாளர் ஆண்டி பவர்ஸ் 2018-இல் அதை மாற்றி வி வடிவத்தில் வைத்தார். நாதம் நீளுகிறதா, பழைய கனம் குறைகிறதா என்று கேளுங்கள், விடிய விடியப் பேசலாம். எனக்கே இரண்டு மனசு உண்டு. அந்த வீடியோ நாலு நிமிஷம் ஓடுகிறது, தம்பி ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை. ஒரு கம்பியைக்கூடத் தட்டவில்லை. நகத்தால் சுரண்டினார், அவ்வளவுதான்.

என் டெய்லரிலும் ஐந்தாவது ஃப்ரெட்டிலிருந்து ஒன்பதாவது வரை தேன் நிறத்தில் ஒரு கோடு போகிறது. வாங்கி வந்த அன்று அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் எடுத்துப் போனார். கோட்டின் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார். விரலில் எங்கேயும் தட்டுப்படவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது, "சாயம் அடிக்கச் சொல்லலியா யாரும்?" என்று கேட்டார்.