உசிக்–ஃபியூரி: மூன்றாவது மோதல் எதற்கு?

ஹெவிவெயிட் எனும் மிகக் கனமான எடைப் பிரிவின் குத்துச்சண்டை வீரர்களான உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்கும் பிரிட்டனின் டைசன் ஃபியூரியும் இரண்டு முறை மோதி, இரண்டு முறையும் உசிக்கே வென்ற பிறகும், வடசென்னையில் குத்துச்சண்டை பார்க்கும் நம் நண்பர்களிடையே அந்த வழக்கு முடிந்தபாடில்லை. ராயபுரத்துத் தேநீர்க் கடையானாலும் புளியந்தோப்புப் பயிற்சிக்கூடமானாலும் நான்கு பேர் கூடிவிட்டால் போதும். 2024 டிசம்பர் 21 அன்று ரியாத்தில் நடந்த மறுமோதலில் ஃபியூரி வஞ்சிக்கப்பட்டார், ஆகவே மூன்றாவது முறை மோதவிடுவதே நியாயம் என்று ஒரு தரப்பு அடித்துச் சொல்கிறது. 2025 ஜனவரியில் ஃபியூரி ஓய்வை அறிவித்தபோதும் இந்தப் பேச்சு ஓயவில்லை. நான் மறுதரப்பில் இருப்பவன். அந்த மறுமோதல் நடந்ததற்கு முழு நியாயம் இருந்தது என்பதையும், மூன்றாவதற்கு அது இல்லை என்பதையும் நின்று நிதானமாக எழுதிவிட வேண்டும் என்றே இந்தப் பதிவு. நேரில் பேசும்போது குரல் உயர்ந்தவர் பக்கமே வாதம் சாய்ந்துவிடுகிறது.

முதல் மோதல் 2024 மே 18 அன்று அதே ரியாத்தில் நடந்தது. பன்னிரண்டு ரவுண்டு; ஒவ்வொன்றிலும் வென்றவருக்கு 10 புள்ளி, தோற்றவருக்கு வழக்கமாக 9, வீழ்த்தப்பட்டால் 8. புள்ளி நடுவர் மூவரில் ஒருவர் உசிக்குக்கு 115-112 என்றும், இன்னொருவர் உசிக்குக்கே 114-113 என்றும், மூன்றாமவர் ஃபியூரிக்கு 114-113 என்றும் எழுதினார்கள். இந்த எண்களைப் பலரும் ஒப்பிக்கிறார்கள்; ஆனால் அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. ஒன்பதாவது ரவுண்டில் உசிக்கின் இடது கைக் குத்துகள் வரிசையாக விழுந்து, ஃபியூரி கால் பின்னி, களத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை தள்ளாடிக் கயிற்றில் சாய்ந்தார். கயிறு இல்லாவிட்டால் விழுந்திருப்பார் என்று கருதிய ரெஃப்ரி மார்க் நெல்சன் இடையில் புகுந்து எண்ணத் தொடங்கினார். உடல் தரையைத் தொடாவிட்டாலும் விதிப்படி அது வீழ்த்தப்பட்டதாகவே கணக்கு. ஆகவே அந்த ரவுண்டு 10-9 ஆக அமையாமல் 10-8 ஆயிற்று. இப்போது அந்த எண்ணிக்கை நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டு, மூன்று தாள்களிலும் ஃபியூரிக்கு ஒரு புள்ளியைத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். முதல் தாள் 115-113 என்று உசிக்குக்கு, இரண்டாவது 114-114 என்று சமன், மூன்றாவது 115-113 என்று ஃபியூரிக்கு. ஒருவருக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று, மூன்றாவது சமன் என்றால் மொத்த முடிவு டிரா. உலகத்தின் ஒரே ஹெவிவெயிட் சாம்பியன் யார் என்பதை ஒரு மனிதர் விரல் நீட்டி எண்ணிய அந்தச் சில நொடிகள் தீர்மானித்தன.

அந்த எண்ணிக்கை சரியானது என்பதே என் கருத்து. இன்னும் சொல்லப்போனால் அது ஃபியூரியைக் காப்பாற்றியது. எண்ணாமல் விட்டிருந்தால் அடுத்த இரண்டு குத்தில் சண்டையே முடிந்திருக்கும். ஆனால் நேர்மையாகப் பார்க்கிற இன்னொருவர், ஃபியூரி தன் கால்களிலேயே நின்றார், எண்ணியது அவசரம் என்று வாதாடினால் அதை முட்டாள்தனம் என்று தள்ள முடியாது. முடிவில் இப்படிப்பட்ட உண்மையான ஐயம் எஞ்சும்போது மறுமோதல் தோற்றவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன். டிசம்பரில் அந்தக் கடன் தீர்க்கப்பட்டது.

அந்த மறுமோதலை, நம் ஊர்க் கணக்கில் ஞாயிறு விடியற்காலையில், காசிமேட்டில் மீன் ஏலம் சூடுபிடிக்கிற வேளையில், ஒரு தேநீர்க் கடைப் பலகையில் சாய்த்து வைத்த கைப்பேசியில் சிலர் சேர்ந்து பார்த்தோம். எங்களோடு இருந்த முதியவர் இளமையில் கையுறை மாட்டியவர். எங்களுக்கெல்லாம் அவர் வாத்தியார். ஃபியூரி முதல் சில ரவுண்டுகளில் நீண்ட கையால் நன்றாக அடித்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். வாத்தியார் மட்டும், “கைய பாக்காத நைனா, கால பாரு. அவன் வெளிக்கால் வச்சிட்டான்னா இவனுக்கு வேலை முடிஞ்சுது” என்றார். இடக்கைக்காரர் ஒருவர் வலக்கைக்காரரோடு மோதும்போது இருவரின் முன்னங்கால்களும் நேருக்கு நேர் வந்து முட்டும். எவருடைய பாதம் மற்றவரின் பாதத்துக்கு வெளிப்புறம் அமைகிறதோ அவருடைய பின்கைக்கு நேர்வழி திறக்கும். இடக்கைக்காரரான உசிக் தம் வலது பாதத்தை ஃபியூரியின் இடது பாதத்துக்கு வெளியே கொண்டுபோய் வைத்ததும், இடது நேர்க்குத்து நடுவழியாகப் புகுந்து முகத்தில் விழும். ஃபியூரி பின்வாங்கினால் உசிக் அரை அடி முன்னேறி மறுபடியும் அதே இடத்தில் கால் வைப்பார். ஐந்து ரவுண்டு போனதும் இதை நாங்களும் பார்க்கக் கற்றுக்கொண்டோம். ஆறாவதிலிருந்து சண்டை யார் கைக்குப் போயிற்று என்பதில் அந்தப் பலகையைச் சுற்றி நின்றவர்களுக்கு ஐயம் இருக்கவில்லை.

எண்களும் அதையே சொல்கின்றன. குத்துகளை எண்ணித் தரும் கம்ப்யூபாக்ஸ் நிறுவனத்தின் கணக்கின்படி முதல் மோதலில் உசிக் 407 குத்துகள் வீசி 170-ஐயும், ஃபியூரி 496 வீசி 157-ஐயும் இலக்கில் சேர்த்தார்கள். இடைவெளி வெறும் 13. மறுமோதலில் உசிக் 423-இல் 179, ஃபியூரி 509-இல் 144. இடைவெளி 35 ஆயிற்று. மூன்று நடுவர்களும் 116-112 என்று எழுதினார்கள். மூன்று தாளிலும் ஒரே எண் வந்ததே சதிக்குச் சான்று என்று நம் நண்பர்கள் சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 116-112 என்றால் எட்டு ரவுண்டு ஒருவருக்கு, நான்கு மற்றவருக்கு. தெளிவான சண்டையில் மூவரும் அந்த இடத்துக்கு வந்து சேர்வதில் என்ன வியப்பு? என் கணக்கில் ஃபியூரிக்கு ஐந்து ரவுண்டு கொடுத்தேன். அப்போதும் அவர் தோற்றவரே. தாம் குறைந்தது மூன்று ரவுண்டு வித்தியாசத்தில் வென்றதாக ஃபியூரி சொன்னது தோற்ற வீரரின் நெஞ்சுறுதி. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அது சான்று ஆகாது. அன்று சோதனைக்காக வைத்த செயற்கை நுண்ணறிவு 118-112 என்று உசிக்குக்குக் கொடுத்ததை நம் தரப்பில் சிலர் தூக்கிப் பிடிக்கிறார்கள். அதுவும் வேண்டியதில்லை, மனிதக் கண்ணே போதும்.

எடையைப் பற்றிய வாதம் ஒன்று உண்டு. மே மாதம் 262 பவுண்டு இருந்த ஃபியூரி டிசம்பரில் உடையோடு தராசில் ஏறியபோது 281 காட்டியது, உசிக் 226. ஏறத்தாழ 25 கிலோ வித்தியாசம். கனம் கூடியதால் வேகம் குறைந்தது, எடையைக் குறைத்து வந்தால் ஃபியூரி வெல்வார் என்கிறார்கள். தயாரிப்பும் போட்டியின் பகுதிதான். 2019 ஜூனில் அந்தோனி ஜோஷுவாவை வீழ்த்திய ஆண்டி ரூயிஸ், ஆறு மாதம் கழித்து 15 பவுண்டு கூடுதலாக, 283 பவுண்டோடு வந்து தோற்றார். அடுத்த முறை உடம்பைப் பார்த்துக்கொள்வார் என்பதற்காக அவருக்கு உடனடியாக மூன்றாவது வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று நம்மில் எவரும் கேட்கவில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் வேறு. அமெரிக்க ஹெவிவெயிட் வீரர் டியான்டே வைல்டருக்கும் ஃபியூரிக்கும் நடந்த மூன்றாவது மோதலைக் காட்டி, அது நடக்காமல் போயிருந்தால் எப்பேர்ப்பட்ட சண்டையை இழந்திருப்போம் என்று கேட்கிறார்கள். உண்மைதான். 2021 அக்டோபர் 9 அன்று ஃபியூரி இரண்டு முறையும் வைல்டர் மூன்று முறையும் விழுந்த அந்தச் சண்டை நம் தலைமுறை கண்ட பெரும் சண்டைகளில் ஒன்று. ஆனால் அது எப்படி நடந்தது? 2018-இல் டிரா, 2020 பிப்ரவரியில் வைல்டர் ஏழாவது ரவுண்டில் தோல்வி. அதற்குப் பிறகும் ஒப்பந்த ஷரத்தைக் காட்டி வைல்டர் தரப்பு போராட, மத்தியஸ்தர் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பினால் கூடி வந்திருந்த ஃபியூரி–ஜோஷுவா மோதல் கலைந்தது. ஜோஷுவா தம் பட்டங்களில் ஒன்றுக்கு வரிசையில் காத்திருந்த கட்டாயப் போட்டியாளரை, அதாவது சாம்பியன் அடுத்து மோதியே ஆக வேண்டும் என்று பட்டம் தரும் அமைப்பு அறிவித்தவரை, சந்திக்க வேண்டியதாயிற்று. 2021 செப்டம்பர் 25 அன்று லண்டனில் ஜோஷுவாவை வென்ற அந்தக் காத்திருந்தவர்தான் உசிக். வரிசையில் நின்றவருக்கு முறைப்படி இடம் கிடைத்ததால்தான் இந்தத் தலைமுறையின் தலைசிறந்த ஹெவிவெயிட்டை நாம் கண்டோம். நல்ல சண்டை அமையும் என்பதற்காக வரிசையை உடைக்கலாம் என்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மறுமோதலுக்கு விலையும் உண்டு. 1999 நவம்பரில் லெனாக்ஸ் லூயிஸ் ஹோலிஃபீல்டை வென்ற பிறகு, பெரும் பட்டங்கள் அனைத்தையும் ஒருசேர வைத்திருக்கும் மறுப்பில்லாத ஒரே சாம்பியனை ஹெவிவெயிட் பிரிவு ஏறத்தாழ 25 ஆண்டுகளாகக் காணவில்லை. உசிக் 2024 மே மாதம் அந்த இடத்துக்கு வந்தார். ஃபியூரியோடு மறுமோதலுக்கு ஒப்பந்தம் இருந்ததால் கட்டாயப் போட்டியாளரைச் சந்திக்க முடியாமல், ஜூன் மாதமே அந்தப் பட்டங்களில் ஒன்றான ஐபிஎஃப் பட்டத்தை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அது டேனியல் டுபுவாவுக்குப் போயிற்று. 2025 ஜூலை 19 அன்று வெம்பிளியில் ஐந்தாவது ரவுண்டில் டுபுவாவை நாக்-அவுட் செய்த பிறகே உசிக் அதை மீட்டார். முதல் மோதலின் ஐயத்தைத் தீர்க்க அந்த விலை தகும். ஐயமே இல்லாத இடத்தில் இன்னொரு முறை எதற்காகக் கொடுக்க வேண்டும்?

தோற்றவர் திரும்பி வர வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 1936-இல் மாக்ஸ் ஷ்மெலிங்கிடம் பன்னிரண்டாவது ரவுண்டில் நாக்-அவுட் ஆன ஜோ லூயிஸ் மறுநாளே மறுமோதல் கேட்டு நிற்கவில்லை. மற்றவர்களோடு மோதி, 1937-இல் அப்போதைய சாம்பியன் பிராடக்கை வீழ்த்திச் சாம்பியன் ஆகி, 1938 ஜூனில் ஷ்மெலிங்கை 124 நொடியில் முடித்தார். ஃபியூரியும் தரவரிசையில் மேலே இருக்கிற இரண்டு பேரை வென்று வரட்டும். அப்போது மூன்றாவது மோதலுக்கு முதல் கைதட்டு என்னுடையதாக இருக்கும்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு நம் ஊரும் ஒரு காரணம். சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரை பிரிந்து சண்டை பார்த்த மண் இது. 1980-இல் முகமது அலி நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டி ஆடியதைப் பெரியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கிறோம். பக்கம் சேர்வது நமக்கு இயல்பு, அதில் குற்றமில்லை. ஆனால் இதே தெருக்களில் மூன்று நிமிட ரவுண்டு மூன்றில் தன் ஓராண்டு உழைப்பைப் பணயம் வைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மாவட்டப் போட்டியில் ஒரு புள்ளியில் தோற்றால் அவர்களுக்கு மறுமோதல் ஷரத்து ஏதும் கிடையாது. அடுத்த போட்டி வரை மீன்கூடை தூக்கியோ ஆட்டோ ஓட்டியோ காத்திருந்து, மறுபடியும் முதல் சுற்றிலிருந்து ஏறி வருகிறார்கள். அவர்களிடம் எதிர்பார்க்கிற பொறுமையை ஃபியூரியிடமும் எதிர்பார்ப்பதில் என்ன தவறு?

மாற்றுக் கருத்துள்ள நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். டிசம்பர் மோதலை வர்ணனையின் சத்தத்தை நிறுத்திவிட்டு மறுபடியும் பாருங்கள். ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் தாளில் எழுதுங்கள். வெற்றி பெற ஃபியூரிக்கு ஏழு ரவுண்டு வேண்டும். அந்த ஏழும் எவை எவை என்று கீழே குறிப்பிடுங்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவோம்.