மலைக்காரன் சொல்லும் கடல் வானிலை

"உனக்கு நீச்சல் தெரியுமா?" என்று போன வாரம் ஒருவர் கேட்டார். தெரியாது. "கடலில் எத்தனை தடவை போயிருக்கிறாய்?" ஒரே ஒரு தடவை. நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு, சுற்றுலாப் படகில், வாந்தியோடு. "பிறகு எந்தத் தைரியத்தில் கடல் தொழிலுக்குப் போகிறவர்களுக்குக் காற்றும் அலையும் சொல்லிக்கொண்டிருக்கிறாய்?" என்றார். நியாயமான கேள்வி. அந்த இடத்தில் வாய் வரவில்லை. இரண்டு நாள் கழித்து, எங்கள் மலையகத்து மஸ்கெலியா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோதுதான் பதில் வந்தது. அதனால் இந்த நீண்ட பதிவு. பொறுமை இருப்பவர்கள் தொடரலாம்.

1977 இனக்கலவரத்துக்குப் பிறகு என் தாய்மாமா தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனார். மலையிலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று எங்கும் இருக்கின்றன. மாமா காடு வெட்டிப் பயிர் செய்தார். அவருடைய மகன் முல்லைத்தீவுக் கரையோரத்தில் பெண் எடுத்தான். மாமனார் வீட்டுத் தொழில் கடல், அதுவே இவனுக்கும் தொழிலாயிற்று. தாத்தா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர், பேரன் வலை இழுக்கிறான். ஒரு நாள் மச்சான் என்னை அழைத்து, "உன் போனில் காற்றைப் பார்க்கலாமாமே, கொஞ்சம் பார்த்துச் சொல்லு" என்றான். அவனிடம் அப்போது இருந்தது பொத்தான் போன். விளையாட்டாகத் தொடங்கியது. இப்போது பதினொரு படகுகளுக்கு மாலையில் ஒரு தடவை, விடிவதற்கு முன் ஒரு தடவை குரல்பதிவு போகிறது. ஐந்து வருடங்களாகிவிட்டன.

முதலில் எவ்வளவு முட்டாள்தனமாகச் செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. "12 மணிக்குக் காற்று எழும்" என்று அனுப்பினேன். அவர்கள் நண்பகல் என்று எடுத்துக்கொண்டு, பத்தரைக்கே வலையைப் பாதியில் இழுத்துக் கரை திரும்பிவிட்டார்கள். கடல் குளம் மாதிரிக் கிடந்தது. மாலை ஐந்தரைக்குத்தான் காற்று வந்தது. நான் பார்த்த படம் உலகப் பொது நேரத்தில் இருந்தது. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. மண்ணெண்ணெய் வீண், அரை நாள் மீன் வீண். மச்சான் திட்டவில்லை. "பரவாயில்லை, தவறு நல்ல பக்கம் விழுந்தது" என்றான். அது மறுபக்கம் விழுந்திருந்தால் என்று நினைத்து அன்றிரவு நான் தூங்கவில்லை.

இரண்டாவது பாடம் அலை. படத்தில் 1.5 மீட்டர் என்று இருந்தால் வருகிற அலையெல்லாம் 1.5 மீட்டர் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த எண் அப்படிப்பட்டதல்ல. வருகிற அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கை எடுத்து அவற்றின் உயரத்துக்குச் சராசரி போடுகிறார்கள். அதாவது இடைக்கிடை அதன் இரு மடங்குக்குக் கிட்டிய ஓர் அலை வரத்தான் செய்யும், அது கணிப்புப் பிழையாகாது. ஃபைபர் படகில் நிற்கிறவனுக்குச் சராசரி எதற்கு? அவனைக் கவிழ்க்கப் போவது அந்த ஓர் அலை. காற்றும் இப்படித்தான். வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து 40 ஆனால் தள்ளும் விசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. "கொஞ்சம் கூடும்" என்று குரல்பதிவில் சொல்லிவிட்டுப் போக முடியாது.

மூன்றாவதை மச்சானே சொல்லிக்கொடுத்தான். "எத்தனை கிலோமீட்டர் என்று பிறகு சொல்லு. முதலில் வாடையா, கொண்டலா, சோளகமா, கச்சானா என்று சொல்லு" என்றான். வாடை வடக்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, சோளகம் தெற்கிலிருந்து, கச்சான் மேற்கிலிருந்து வரும் காற்று. முல்லைத்தீவுக் கரை கிழக்கைப் பார்த்தது. கொண்டல் 30 கிலோமீட்டரில் வந்தால் கரையிலேயே அலை எழும்பி நுரை தள்ளும், யாரும் இறங்க மாட்டார்கள். அதே 30 கிலோமீட்டரில் கச்சான் வீசினால் கரையோரம் தட்டையாகத் தெரியும். ஆனால் அது நிலத்திலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று. வெளியில் போய் இன்ஜின் நின்றுவிட்டால் படகு வங்காள விரிகுடாவுக்குள் போய்க்கொண்டே இருக்கும். பார்வைக்கு அமைதியான கடல்தான் அன்றைக்கு ஆபத்தான கடல். இதை எந்த வண்ணப் படமும் எனக்குச் சொல்லவில்லை.

கச்சான் எங்களுக்கும் உறவுக்காரன்தான். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் காற்று எங்கள் மலையில் மோதி மேலேறும்போது தன் தண்ணீரையெல்லாம் வட்டவளை, ஹட்டன் பக்கம் கொட்டிவிடுகிறது. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. காலில் அட்டையோடு, இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு எங்கள் பெண்கள் கொழுந்து பறிக்கிற அதே நாளில், மலையைத் தாண்டி இறங்கிய அந்தக் காற்று காய்ந்து சூடேறி, மட்டக்களப்புப் பக்கம் கச்சானாக முகத்தில் அடிக்கும். இங்கே உடுப்புக் காயவில்லை என்றால் அங்கே வெயில் கொளுத்துகிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். (சிவனொளிபாத மலையைக் கடலோடிகள் அடையாளமாகக் கொண்ட பழங்கதை வேறு இருக்கிறது. 1344-இல் கப்பலில் வந்த மொரோக்கோப் பயணி இபின் பதூதாவுக்கு அது புகைத்தூண் போலத் தெரிந்ததாம். மலைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவருக்கு இதையும் சொல்லியிருக்கலாம்.)

இப்போது எனக்கு எரிச்சல் தரும் விஷயத்துக்கு வருகிறேன். புயல் காலம் வந்தால் முகநூலில் சிவப்புச் சுழல் படங்கள் முளைக்கின்றன. எந்த நாள் எடுத்தது, எந்த நேரம், எந்தக் கணிப்பு, ஒன்றும் இருக்காது. "முல்லைத்தீவு மக்களே உஷார்!" என்ற வரி மட்டும் இருக்கும். பத்து நாள் தள்ளி வரக்கூடிய ஒரு சுழற்சியை இன்றே கரை ஏற்றிவிடுகிறார்கள். ஐந்து நாளுக்கு அப்பால் எந்தக் கணினியும் தடுமாறும் என்பது அதைப் பகிர்கிறவருக்குத் தெரியாமலா இருக்கும்? சுழற்சி கலைந்துபோனால் அந்தப் பதிவு சத்தமில்லாமல் அழிக்கப்படும். நேற்று ஏன் அப்படிச் சொன்னேன், எங்கே பிழை நடந்தது என்று ஒருவராவது திரும்பி வந்து எழுதியதை நான் பார்த்ததில்லை. நான்கு பொய்ப் புயலைக் கேட்ட மீனவன் ஐந்தாவதற்குப் படகைக் கரையேற்றுவானா?

அதற்காக அரச அறிவித்தல் மட்டும் போதும், மற்றவர்கள் வாயை மூடுங்கள் என்று சொல்லும் கட்சியிலும் நான் இல்லை. வளிமண்டலவியல் திணைக்களம் கடலுக்குத் தனி அறிக்கை தருகிறது. "காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரையான கடற்பரப்புகளில்" என்று அது தொடங்கும். அந்த "ஊடாக" என்ற சொல்லுக்குள் யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று நான்கு மாவட்டங்களின் கரை இருக்கிறது. அறிக்கை சரிதான். ஆனால் நாளை அதிகாலை நான்கு மணிக்கு முல்லைத்தீவிலிருந்து புல்மோட்டைப் பக்கம் போகிறவனுக்கு அதைப் பிரித்துச் சொல்ல இடையில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியில்தான் நான் நிற்கிறேன். என் கணிப்பும் திணைக்களமும் முரண்பட்டால் கடுமையாக இருப்பதைத்தான் எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு பதிவிலும் சொல்கிறேன். கேட்டுக் கேட்டு அவர்களுக்குச் சலித்துவிட்டது. சலிக்கட்டும். 2013 ஜூன் மாதம் தென்மேற்குக் கடலில் எழுந்த பருவக்காற்றில் 50-க்கும் மேற்பட்ட மீனவர்களின் உயிர் போனது.

காற்று அறிவித்தலின் வரலாற்றிலும் இந்தச் சண்டை இருக்கிறது. 1861-இல் பிரித்தானியாவில் ஃபிட்ஸ்ராய் என்ற கடற்படை அதிகாரி துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். பிழைகள் வந்தன, கேலி வந்தது, படகுகள் வீணாக முடங்குகின்றன என்று முதலாளிகள் முறைப்பட்டார்கள். 1865-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த ஆண்டு எச்சரிக்கைகள் நிறுத்தப்பட்டன. 1867-இல் அவை மீண்டும் வந்தன. அவை வேண்டும் என்று கேட்டவர்களில் கடலோரத்து மக்களும் இருந்தார்கள். அவை பிழையாகலாம் என்று தெரிந்தும் கேட்டார்கள். படகு முதலாளியான சம்மாட்டிக்கு ஒரு நாள் நட்டம், கடலுக்குப் போகிறவனுக்கு உயிர்.

ஆனால் சம்மாட்டியை மட்டும் குறை சொல்லிவிடவும் முடியாது. இன்ஜின் கடன் இருக்கிறது. போகாத நாளுக்கு அடுப்பு எரியாது. இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கடல் தேவையில்லை, தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பிரட்டுக் களம் போதும். மழையானாலும் காய்ச்சலானாலும் மலை ஏறினால்தான் பெயர் விழும், பெயர் விழுந்தால்தான் சம்பளம். அதனால் நான் யாருக்கும் "போகாதே" என்று சொல்வதில்லை. தெரிந்ததைச் சொல்வேன், எவ்வளவு தெரியாது என்பதையும் சொல்வேன். இரண்டு கணிப்புகள் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் சொல்வேன். இது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது என்று ஒரு நண்பர் வாதாடினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கரையில் நின்று வானத்தையும் அலையையும் பார்க்கிறவன் அவன். நான் பார்க்கும் கணினிக் கணிப்பு கடலைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறது, ஒரு கட்டம் ஒன்பது கிலோமீட்டர் அகலம். ஒக்டோபரில் பிற்பகல் இடிமுகில் ஒன்று திடீரெனக் கிளப்பும் காற்று அந்தக் கட்டத்துக்குள் அகப்படாமலே போகலாம்.

எங்கள் பக்கம் மண்சரிவுக்கு எண் வைத்திருக்கிறார்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் விழிப்பு, 100 என்றால் தயார், 150 என்றால் வெளியேறு. தொகையோடு செயலும் ஒட்டியிருக்கிறது. கடலுக்கும் இப்படி ஒன்றை அந்தப் பதினொரு படகுக்காரர்களே பேசி வைத்துக்கொண்டார்கள். கொண்டல் 35-ஐத் தாண்டும் என்றால் சிறிய படகுகள் இறங்குவதில்லை, கச்சான் 25 என்றால் தனியாகப் போவதில்லை. நான் வைத்த எண்கள் அல்ல. அதனால்தான் அவை நிற்கின்றன.

எண் மட்டும் இருந்து என்ன என்றும் கேட்கலாம். பதுளை மாவட்டத்து மீரியாபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மண் மூடியதற்கு முன்பே அந்த இடம் ஆபத்து என்று சொல்லப்பட்டிருந்தது. போவதற்கு இடம் இருக்கவில்லை. இதை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது திசை மாறியது. ஐந்து வருடமாக மலையிலிருந்து கடலுக்குப் போன செய்தி அன்று கடலிலிருந்து மலைக்கு வந்தது. மச்சான் அழைத்தான். "படகையெல்லாம் கரையேற்றிக் கட்டிவிட்டோம். நீங்கள் எதை ஏற்றுவீர்கள்?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது. பிறகு மின்சாரமும் இல்லை, அலைவரிசையும் இல்லை. கண்டி, பதுளை, நுவரெலியா எங்கும் மலை இறங்கியது. நாடு முழுவதும் 600-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. எங்கள் லயத்தில் உள்ளவர்கள் பள்ளிக்கூடத்தில் நான்கு இரவு கிடந்தோம். ஐந்தாம் நாள் போன் உயிர் பெற்றபோது அந்தப் படகுக்காரர்களிடமிருந்து வந்து குவிந்திருந்த குரல்பதிவுகளை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாவற்றிலும் ஒரே கேள்வி.

கடைசியாக அப்பாவின் கதை. அவர் தோட்ட ஆபீசில் வேலை செய்தவர். காலை எட்டரைக்கு மழைமானித் தண்ணீரை அளவுக்குழாயில் ஊற்றி, கண்மட்டத்துக்குக் குனிந்து பார்த்து, பேரேட்டில் எழுதுவார். மழையே பெய்யாத மாசி மாதத்திலும் போவார். வெறும் மானியைத் திறந்து பார்த்துவிட்டுப் பூச்சியம் எழுதுவார். "பெய்யவில்லை என்று தெரியும்தானே, எதற்கு நடக்கிறீர்கள்?" என்று சின்ன வயதில் கேட்டேன். "எழுதாமல் விட்டால் பெய்யவில்லையா, நான் போகவில்லையா என்று பிறகு பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

என்னிடமும் ஒரு கொப்பி இருக்கிறது. இடப்பக்கம் நான் சொன்னது, வலப்பக்கம் அவர்கள் திரும்பி வந்து சொன்னது. மாலைக் குரல்பதிவு எப்போதும் நேற்றைய வலப்பக்கத்தில்தான் தொடங்கும். கேள்வி கேட்ட நண்பருக்கு நேற்றைய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். இடப்பக்கத்தில் "பிற்பகல் கொண்டல் 30" என்று இருக்கிறது. வலப்பக்கத்தில் மச்சான் சொன்னபடி எழுதியிருக்கிறேன்: "காற்றே இல்லை. பாரை மீன் நல்ல பாடு."