கொழும்பில் இருந்துகொண்டு மலிவான புசூக்கி வாங்குவது

புசூக்கி என்பது நீண்ட கழுத்தும் சோடி சோடியான கம்பிகளும் கொண்ட கிரேக்க வாத்தியம். அதை வாங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது "எந்த பிராண்ட் நல்லது?" என்றுதான். ஒரு கைவினைஞர் தன் பெயரைப் போட்டுச் செய்த, விலை கூடிய வாத்தியத்துக்கு அந்தக் கேள்வி பொருந்தும். மலிவு வாத்தியத்தின் தலையில் இருக்கும் பெயர் பெரும்பாலும் விற்பவருடையது, செய்தவருடையது அல்ல. ஆஷ்பரி என்பது இங்கிலாந்தின் ஹொப்கொப்ளின் கடைகளின் சொந்தப் பெயர். ட்ரினிட்டி கொலேஜ் அமெரிக்காவின் சாகா நிறுவனத்தின் பெயர். இப்படிப்பட்ட பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் தொழிற்சாலை மாறினால், வாங்குகிறவருக்குத் தெரியவே வராது. ருமேனியாவின் ரேகின் நகரத்து ஹோரா இதற்கு விதிவிலக்கு. அது 1951 முதல் இயங்கும் தொழிற்சாலை, தான் செய்வதைத் தன் பெயரிலேயே விற்கிறது. கொடுக்கும் காசுக்கு நல்ல மரம் கிடைக்கும். ஆனால் கழுத்து தடிப்பு, முடிப்பு வேலை கொஞ்சம் கரடுமுரடு. வந்தவுடன் சீர்செய்யத்தான் வேண்டும்.

பிராண்டுக்கு முன் முடிவெடுக்க வேண்டியது கிரேக்கமா, ஐரிஷா என்பதை. கிரேக்க புசூக்கியின் முதுகு குடம்போல் வளைந்திருக்கும். மூன்று சோடிக் கம்பி என்றால், மேற்கத்தியச் சுரப் பெயர்களில், டி-ஏ-டி சுருதி. நான்கு சோடி என்றால் சி-எஃப்-ஏ-டி, அதை 1950களில் பரவலாக்கியவர் மனோலிஸ் ஹியோட்டிஸ். இது கிற்றாரின் மெல்லிய பக்கத்து நான்கு கம்பிகளை ஒரு முழுச் சுரம் இறக்கியதுதான், எனவே கிற்றார்க்காரருக்குக் கை உடனே பழகும். 1960களில் ஜொனி மொய்னிஹன் அயர்லாந்து இசைக்குள் கொண்டுவந்த பிறகு உருவானது தட்டை முதுகு ஐரிஷ் வகை. அதற்கு ஜி-டி-ஏ-டி, அல்லது மண்டலினுக்கு ஒரு ஸ்தாயி கீழே ஜி-டி-ஏ-ஈ. பைலாவுக்கு மண்டலின் வாசித்துப் பழகியவர்கள் இதைத்தான் நாடுவார்கள். ஆனால் மண்டலினின் கம்பி நீளம் 350 மி.மீ. அளவு, இதில் 650 மி.மீ. சுற்றிவரும். அதே விரலடைவு அப்படியே எட்டாது.

கையில் எடுத்தால் முதலில் கழுத்தைப் பாருங்கள். அதன் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட். ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில், 7ஆம் ஃப்ரெட் அருகே, 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி இருந்தால் நல்லது. ஒரு விசிட்டிங் கார்ட் இறுக்கமாக நுழையும் அளவு. 1 மி.மீ. இருந்தால் கழுத்து வளைந்துவிட்டது. உள்ளே ட்ரஸ் றொட் (கழுத்தின் வளைவைத் திருகிச் சரிசெய்யும் இரும்புத் தண்டு) இருந்தால் சரிசெய்யலாம், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். அடுத்தது 12ஆம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரம். 2 முதல் 2.5 மி.மீ. வசதியானது. 3.5 மி.மீ. இருந்தாலும் பிரிட்ஜில் (உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் கட்டை) அராவ இடம் இருந்தால் பயமில்லை. பிரிட்ஜ் ஏற்கெனவே தேய்த்துத் தாழ்த்தப்பட்டிருந்தும் கம்பி உயரமாக நின்றால் கழுத்தின் கோணமே போய்விட்டது. அதைத் திருத்தும் கூலி வாத்தியத்தின் விலையைத் தாண்டும்.

சுருதி சேரவில்லை என்று பலர் கைவிடும் வாத்தியங்களில் பிழை நட்டில்தான் (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் அமரும் வெட்டுகளுள்ள கட்டை) இருக்கும். 3ஆம் ஃப்ரெட்டை அழுத்தும்போது முதல் ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு கடதாசி அளவு இடைவெளிதான் தெரியவேண்டும். அதைவிடக் கூடினால் முதல் மூன்று ஃப்ரெட்டிலும் சுரம் ஏறி ஒலிக்கும். தொழிற்சாலைகள் நேரத்தை மிச்சம்பிடிக்கும் இடம் இது. அரை மணி நேர அரம் வேலையில் தீரும். பிரிட்ஜ் ஒட்டப்படாமல் நகரும் வகை என்றால், நட்டிலிருந்து 12ஆம் ஃப்ரெட் வரை அளந்து, அங்கிருந்து பிரிட்ஜுக்கு அதே தூரத்துடன் 2 அல்லது 3 மி.மீ. கூட்டி வையுங்கள். மலிவு விலையில் சிப்பி வேலைப்பாடு நிறைய இருந்தால் சந்தேகப்படுங்கள். அந்தக் காசு கழுத்துக்குப் போயிருக்கவேண்டியது.

"மேல்பலகை முழுமரமாக இருக்கவேண்டும், பிளைவுட் கூடாது" என்ற அறிவுரை ஐரோப்பாவுக்குச் சரி. கொழும்புக்கு அதை அப்படியே எடுக்கமுடியாது. 45, 50 வீத ஈரப்பதனுக்காகச் செய்த மெல்லிய முழுமரப் பலகை, நம் ஊரின் 75, 80 வீதத்துக்குள் வந்தால் நீரை உறிஞ்சி மேலே உப்பும், கம்பியும் கூடவே உயரும். பகலில் காற்று, இரவில் ஏசி என்று மாறி மாறி வைத்தால் இன்னும் மோசம். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டுப் பராமரிப்பவருக்கு முழுமரம் நல்லது. மற்றவர்களுக்கு பிளைவுட் உடலும் ட்ரஸ் றொட் உள்ள கழுத்தும்தான் என் தெரிவு. ஒலி சற்றுக் குறையும், சுருதி நிற்கும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடலோரத்தில் இருப்பவர்கள் கம்பியை வாசித்த கையோடு துடைக்கவேண்டும். உப்புக்காற்றில் டியூனிங் கீயின் பற்களும் துருப்பிடிக்கும்.

வெளிநாட்டிலிருந்து தபாலில் எடுப்பித்தால் சுங்கத்தில் மற்ற வரிகளோடு 18% வற் வரியும் சேரும். கணக்குப் பார்க்காமல் கட்டளை கொடுக்காதீர்கள். இலண்டனிலிருந்து வரும் உறவினர் கொண்டுவந்தால், எல்லாக் கம்பியையும் ஒரு முழுச் சுரம் இறக்கி, நகரும் பிரிட்ஜின் கீழே துணி வைத்து, கடினப் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். கம்பிகளை முழுதாகக் கழற்றத் தேவையில்லை. புசூக்கிக் கம்பி இங்கே கிடைக்காவிட்டால் கிற்றார்க் கம்பிகளைத் தனித்தனியாக வாங்கலாம். ஜி-டி-ஏ-டிக்கு 0.038, 0.026, 0.016, 0.012 அங்குலத் தடிப்புகளில் ஒவ்வொன்றிலும் இரண்டு. வளைய முனை தேவைப்பட்டால் கிற்றார்க் கம்பியின் முனையிலுள்ள குண்டைக் குறட்டால் நசுக்கி எடுத்துவிடுங்கள், வளையம் மிஞ்சும்.

இவ்வளவு செலவுக்கு முன், ஐரிஷ் புசூக்கி உங்களுக்குப் பிடிக்குமா என்று பார்க்க இங்கேயே ஒரு வழி உண்டு. பாவித்த 12 கம்பிக் கிற்றார் ஒன்றை எடுங்கள். இரு ஓரச் சோடிகளையும் கழற்றிவிடுங்கள். மெல்லிய பக்கத்திலிருந்து எண்ணி, 5ஆம் சோடியை ஏயிலிருந்து ஜிக்கு இறக்குங்கள். 4ஆம் சோடி டியிலேயே இருக்கட்டும். 3ஆம் சோடிக்கு 0.016 இரண்டு போட்டு ஏ, 2ஆம் சோடிக்கு 0.012 இரண்டு போட்டு டி. புதிதாக வாங்குவது நான்கே கம்பி. 3ஆம் சோடியின் மெல்லிய கம்பிக்கான நட் வெட்டு 0.008க்கு வெட்டியது, அதை மட்டும் அகலப்படுத்தவேண்டும், இல்லாவிட்டால் கம்பி மேலே நின்று சுருதி குழம்பும். ஒலி உண்மையான புசூக்கியைவிடக் கனமாக, அடிநாதம் கூடியதாக வரும். விரற்பலகையும் அகலமாகத் தோன்றும். 100 கிலோவுக்கு மேல் இருந்த மொத்த இழுவிசை 70 கிலோ அளவுக்கு இறங்குவதால் கழுத்து பின்னால் சாயலாம், முதல் சில ஃப்ரெட்டுகளில் கம்பி அதிரும். அப்போது ட்ரஸ் றொட்டை இடப்பக்கமாகக் கால் சுற்றுத் தளர்த்தி, ஒரு நாள் விட்டுப் பார்த்து, தேவையானால் மட்டும் இன்னொரு கால் சுற்று.