அது பிதற்றல் இல்லை

ராபின் என்ற சிவப்பு மார்புக் குருவியைப் பற்றி அயர்லாந்துப் பாட்டிகள் சொல்லும் கதைகளை நேற்றுப் பதிவிட்டிருந்தேன். அதன் கீழே நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "படித்தவர் கிழவிகளின் பிதற்றலைப் பரப்பலாமா?" என்று கேட்டவருக்கு அங்கேயே பதில் சொல்ல மனம் வரவில்லை. இங்கே சொல்கிறேன். அது பிதற்றல் இல்லை.

சிலுவையில் இருந்த இயேசுவின் நெற்றியிலிருந்து முள்ளைப் பிடுங்கியபோது பட்ட ரத்தம்தான் ராபினின் மார்புச் சிவப்பு என்பது அயர்லாந்துக் கிராமத்துக் கதை. ராபினைக் கொன்றவனின் வலது கையில் பெரிய கட்டி வரும் என்பார்கள். வராது என்று எனக்கும் தெரியும். ஆனால் கூட்டைக் கலைக்க நீண்ட எத்தனை சிறுவர்களின் கையை அந்தப் பயம் தடுத்திருக்கும்!

கிளேர் மாவட்டத்தில் நான் குடியிருந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டியின் சமையலறைக்குள் ஒருநாள் ராபின் புகுந்துவிட்டது. அது வீட்டுக்குள் வந்தால் சாவு வரும் என்று நம்புகிறவர் அவர். ஆனாலும் துடைப்பத்தைத் தேடவில்லை. விளக்கை அணைத்தார், பின்கதவைத் திறந்தார், மாவு அப்பிய கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு சுவரோரம் நின்றார். ரொட்டிப் பலகையில் இரண்டு தத்து தத்தி அது வெளியே போகும்வரை அந்தக் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அவரையா பிதற்றுகிறார் என்கிறீர்கள்?

"ரென் என்ற சின்னஞ்சிறு குருவியைக் கொன்றதும் இதே மரபுதானே?" என்று இன்னொருவர் மடக்கினார். உண்மைதான். கழுகின் சிறகில் ஒளிந்து உயரே போய்ப் பறவைகளுக்கே அரசனான குருவி என்று கதை சொன்னவர்களே, டிசம்பர் 26 அன்று அதை வேட்டையாடிக் கம்பில் கட்டி வீடுவீடாகக் கொண்டுபோனார்கள். கொடுமை. ஆனால் இன்று அயர்லாந்தின் டிங்கிள் ஊரில் வைக்கோல் உடையில் ஊர்வலம் போகிறவர்கள் குருவியைக் கொல்வதில்லை. கொலை நின்றது, கதை நிற்கிறது. வேறென்ன வேண்டும்?

1937 முதல் 1939 வரை அயர்லாந்தில் சுமார் 50,000 பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இப்படிப்பட்ட கதைகளை நோட்டில் எழுதிவைத்தார்கள். அத்தனை பெரியவர்களும் பிதற்றினார்களா?

வளைந்த நீள அலகுள்ள கர்லூ கூவினால் மழை என்பார் அந்தப் பாட்டி. அயர்லாந்தில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டிய பறவை அது. 2015 முதல் 2017 வரை நடந்த கணக்கெடுப்பில் மிஞ்சியவை 138 ஜோடிகள்தான். அங்கே இருந்த நான்கு வருடமும் அதன் குரலை நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பாட்டி மட்டும் மேகம் கறுத்த மாலைகளில் வாசலில் நின்று, சதுப்பு நிலத்துப் பக்கம் காதைத் திருப்பி வைத்திருப்பார்.